கொடிகளுக்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை: ஆஸ்திரேலியக் கடற்கரைக்கும் சர்ஃப் கிளப்புக்கும் புதிதாகச் செல்வோருக்கு

ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்தவர்கள் முதல் கோடையிலேயே கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தி நிற்கும் உயிர்காப்பாளர்களிடம் வாய்திறந்து பேசுவதற்குத்தான் ஆண்டுக்கணக்காகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். மணலை ஒட்டி நின்ற சர்ஃப் கிளப் கட்டடத்தைப் பணக்காரர்களின் மன்றம் என்று எண்ணிக்கொண்டு மூன்று கோடைகள் அதன் வாசலைக் கடந்து போயிருக்கிறேன். மகனின் காலைச் சிப்பி கிழித்து இரத்தம் கொட்டிய நாளில்தான் வேறு வழியில்லாமல் உள்ளே நுழைந்தேன். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்ட பெண்மணி வார நாட்களில் கணக்காளராக வேலை பார்ப்பவர் என்பதும், இங்கே நிற்பதற்கு அவருக்கு ஒரு காசும் கிடையாது என்பதும், அந்த முதலுதவி அறையை யார் வேண்டுமானாலும் நாடலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இக்கட்டுரை சிட்னியை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. பிற மாநிலங்களில் மாறுபடுவனவற்றை ஆங்காங்கே சொல்கிறேன்.

யார் இவர்கள்

நாடெங்கும் 300-க்கும் மேற்பட்ட சர்ஃப் கிளப்புகள் உள்ளன. அவற்றின் தலைமை அமைப்பான சர்ஃப் லைஃப் சேவிங் ஆஸ்திரேலியா, 1907-இல் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கப்பட்ட ஒரு சங்கத்தின் வழிவந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை, பலர் காணப் பகலில் கடலில் குளிப்பதே இங்கு சட்டப்படி குற்றமாக இருந்தது என்றால் இன்று நம்புவது கடினம். 1902-இல் சிட்னியின் மான்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர், குளிக்கப்போவதாகத் தம் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு நண்பகலில் கடலில் இறங்கினார். தடை தளர்ந்ததும் நகரமே தண்ணீருக்குள் இறங்கியது. நீச்சல் அறியாதவர்கள் மூழ்கத் தொடங்கினார்கள். கரையில் இருந்தவர்கள் கயிறும் ஆளுமாக ஒன்றுகூடினார்கள். கிளப்புகள் பிறந்தது இப்படித்தான். தங்கள் கிளப் 1903-இலேயே தொடங்கிவிட்டது என்று சிட்னியின் பிரான்ட்டி கடற்கரைக்காரர்கள் சொல்வார்கள். 1907-இல் கிளப் அமைத்த பாண்டை கடற்கரைக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரு தரப்பினரிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள், நன்றாகப் பொழுது போகும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு மஞ்சள் உடையும் அதே நிறத் தொப்பியுமாக வார இறுதியிலும் பொது விடுமுறை நாட்களிலும் காவல் நிற்பவர்கள் கிளப்பின் தன்னார்வ உயிர்காப்பாளர்கள். சம்பளத்திற்கு வேலை செய்யும் லைஃப்கார்டுகள் வேறு; அவர்களைப் பெரும்பாலும் நகராட்சி மன்றங்கள் அமர்த்துகின்றன, பாண்டையில் நீலச் சட்டை அணிந்திருப்பார்கள். தண்ணீருக்குள் தவிக்கும்போது இருவரும் ஒன்றுதான், ஆனால் கிளப்பில் சேர விரும்பினால் பேச வேண்டியது முதல் வகையினரிடம்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்

முதலில் காலத்தைப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் தன்னார்வலர்களின் காவல் செப்டம்பர் இறுதியில் வரும் பள்ளி விடுமுறையில் தொடங்கி ஏப்ரல் இறுதிவரை நடக்கிறது. குளிர் மிகுந்த விக்டோரியாவில் இன்னும் தாமதமாகத் தொடங்கும். பீச்சேஃப் என்ற இணையதளத்திலும் செயலியிலும் கடற்கரையின் பெயரைத் தேடினால், அன்று காவல் உண்டா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அங்குள்ள வழக்கமான ஆபத்துகள் எவை என்பதெல்லாம் வரும். காவல் இல்லாத கடற்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும், புதியவர்கள் அங்கே நடக்கலாம், படம் எடுக்கலாம். நீரில் இறங்க வேண்டாம்.

அடுத்து இடம். எல்லோரும் முதலில் பாண்டைக்குத்தான் கிளம்புகிறார்கள். பாரமட்டாப் பக்கம் வசிப்பவர்கள் ரயிலில் வந்து நகர நடுவில் மாறி, பாண்டை ஜங்ஷனில் இறங்கி 333-ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் கடற்கரை வாசலிலேயே இறங்கலாம். சனவரி மாத ஞாயிறு ஒன்றில் அங்கே வண்டி நிறுத்த இடம் தேடியவர்கள் இரண்டாம் முறை தேட மாட்டார்கள் என்பதால் பேருந்தே மேல். ஆனால் என் எண்ணத்தில், குடும்பமாக முதன்முறை செல்வோருக்கு மான்லிதான் பொருத்தமானது. சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து ஏறத்தாழ அரை மணி நேரப் படகுப் பயணமே பாதி மகிழ்ச்சியைத் தந்துவிடும். இறங்கி, கோர்சோ என்னும் கடைத்தெரு வழியாகச் சில நிமிடங்கள் நடந்தால் திறந்த கடல். அலை பிடிக்காத முதியவர்களும் சிறு குழந்தைகளும் இருந்தால், அதன் தென்முனையைச் சுற்றிச் செல்லும் நடைபாதையில் போய் ஷெல்லி கடற்கரையின் அமைதியான நீரில் இறங்கலாம். வடக்கே அடுத்துள்ள ஃப்ரெஷ்வாட்டருக்குப் போனால் ஒரு செய்தியை நினைவில் வையுங்கள்: ஹவாயைச் சேர்ந்த ட்யூக் கஹானமோகு 1914-15 கோடையில் ஒரு மரப்பலகையைச் செதுக்கி அங்கே அலைமேல் நின்று காட்டினார். அந்தப் பலகை ஃப்ரெஷ்வாட்டர் கிளப்பில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

ஆண்கள் இருக்கும் இடத்தில் நீரில் இறங்கக் கூச்சப்படும் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கூஜீயில் மக்கைவர்ஸ் என்ற கடல்நீர்க் குளம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமானது. பாறைக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி, சிறு கட்டணத்தில் யார் பார்வையிலும் படாமல் நீந்தலாம். ஊரிலிருந்து வந்த என் அத்தை, கடற்கரையில் கணுக்கால் வரை மட்டுமே நனைந்தவர், அங்கேதான் முதன்முதலாகக் கழுத்தளவு நீரில் நின்றார்.

உடையைப் பற்றிச் சற்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். சேலை, சுடிதார், ஜீன்ஸ், பருத்தி டி-சர்ட் ஆகியவை நீரில் நனைந்தால் கல்லாகக் கனத்து, கையையும் காலையும் சுற்றிக்கொண்டு ஆளைக் கீழே இழுக்கும். உடலை மூடிய உடைதான் வேண்டும் என்றால், அதற்கென்றே தைத்த ராஷ் வெஸ்டும் முழுக்கால் நீச்சலுடையும் எல்லாப் பெரிய கடைகளிலும் கிடைக்கின்றன. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தலை முதல் கால் வரை மூடும் புர்கினியை வடிவமைத்த அஹேதா ஸனெட்டியே சிட்னிக்காரர்தான். நீச்சலுடையை இங்கே காஸி என்பார்கள், குயின்ஸ்லாந்தில் டாக்ஸ், மெல்பர்னில் பேதர்ஸ். தாங்ஸ் என்றால் ரப்பர்ச் செருப்பு, குழம்ப வேண்டாம்.

மணலில் கால் வைத்ததும்

பாயை விரிப்பதற்கு முன்பே கொடிகளைத் தேடுங்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் சற்று இடைவெளியில் நடப்பட்டிருக்கும். அவற்றுக்கு நடுவேதான் குளிக்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கவே கூடாது. தனி மஞ்சள் கொடி எச்சரிக்கை. கறுப்பும் வெள்ளையும் நான்கு கட்டங்களாக உள்ள கொடி அலைச்சறுக்குப் பலகைக்காரர்களின் எல்லையைக் காட்டுகிறது. அந்தப் பக்கம் போனால் பலகை தலையில் மோதும். சிவப்பும் வெள்ளையும் கட்டங்களாக உள்ள கொடி ஏறினாலோ சைரன் ஒலித்தாலோ, சுறாவோ வேறெதுவோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கரையேறுங்கள்.

கொடிகள் ஓரிடத்தில் நிலையாக இருப்பவையல்ல. ஒருமுறை கொடிகளுக்கு நேராகக் குடை, பாய், எஸ்கி எனும் குளிர்பெட்டி என்று கடை பரப்பி உட்கார்ந்த அரை மணி நேரத்தில் இரண்டு இளைஞர்கள் வந்து கொடிகளைப் பிடுங்கி, ஐம்பது அடி வடக்கே நட்டுவிட்டார்கள். எரிச்சலோடு காரணம் கேட்டேன். பதில் சொல்லாமல் ஒருவர் ஈர மணலைக் கொஞ்சம் அள்ளி, நாங்கள் குளித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேரே வீசினார். கலங்கிய நீர் அலைக்கு எதிராக, கடலை நோக்கி மெல்ல நகர்ந்தது. ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் இடம் மாறியிருந்தது. அதன் பின்னால் கொடிகளும் மாறின. அன்று நான் கற்றுக்கொண்ட பழக்கத்தையே உங்களுக்கும் முதன்மையாகச் சொல்கிறேன்: ஒவ்வொரு முறையும் நீரில் இறங்கும் முன் காவல் நிற்பவரிடம் போய், "இன்று இழுப்பு எங்கே இருக்கிறது, என் பிள்ளைக்கு எவ்வளவு ஆழம் வரை போகலாம்" என்று கேளுங்கள். அவர்கள் காத்திருப்பதே இப்படி யாராவது கேட்பதற்காகத்தான். நீந்தத் தெரியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. கையைக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள்.

இழுப்பை அடையாளம் காணுதல்

இந்நாட்டுக் கடற்கரைகளில் சுறாவைவிட மிக அதிகமான உயிர்களைக் குடிப்பது ரிப் எனப்படும் இழுப்பு நீரோட்டம். கரைமேல் அலைகள் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்கேயாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையே ஆழமான ஒரு வாய்க்கால் கிடைத்தால் அது வழியாக ஆறு போலக் கடலுக்குப் பாய்கிறது. வாய்க்காலில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் கரும்பச்சையாக அமைதியாகத் தெரியும் நீரைக் கண்டதும், "இங்கே அலையே இல்லை, குழந்தைகளை இங்கே விடலாம்" என்று தோன்றும். அந்த அமைதியான நீர்தான் வாய்க்கால். நீர்ப்பரப்பில் சிற்றலைகள் நெளிவது, கலங்கிய மணல்நிறம், நுரையும் பாசியும் கடலை நோக்கி மிதந்து செல்வது ஆகியவையும் அடையாளங்கள். கரையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் கண் பழகிவிடும். போலராய்டு கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பாண்டையின் தென்முனையில் இப்படி ஓர் இழுப்பு ஏறக்குறைய நிரந்தரமாகவே இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கும் வெளிநாட்டு இளைஞர்கள் நேராக அதற்குள்ளேயே போய் இறங்குவதால் அதற்குப் பேக்பேக்கர்ஸ் ரிப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதே கடற்கரையில் 1938 பிப்ரவரி 6 அன்று அடுத்தடுத்து வந்த பேரலைகள் மணல்திட்டில் நின்ற சுமார் 300 பேரை ஒரே நேரத்தில் ஆழத்துக்கு இழுத்துச் சென்றன. தற்செயலாக அங்கே கூடியிருந்த கிளப் உறுப்பினர்கள் கயிறும் உருளையுமாகப் பாய்ந்ததால் ஐந்து பேர் தவிர மற்ற அனைவரும் பிழைத்தார்கள்.

இழுப்பில் அகப்பட்டுவிட்டால் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். கைதேர்ந்த நீச்சல்காரரே அதில் தோற்பார், மூழ்குபவர்களைக் கொல்வது பெரும்பாலும் களைப்புதான். இரண்டு, மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். இழுப்பு உங்களை வெளியே கொண்டுபோகுமே தவிர, அடியில் அழுத்தாது. மூன்று, ஒரு கையை நேராக உயர்த்துங்கள். கொடிகளுக்கு அருகில் இருந்தால் அந்தக் கையை யாராவது கட்டாயம் பார்ப்பார்கள். வலு இருந்தால், அலை உடையும் வெண்ணுரைப் பகுதியை நோக்கி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தலாம். இன்னொருவர் அகப்பட்டதைக் கண்டால் நீங்கள் பாய வேண்டாம். மிதக்கக்கூடிய எதையாவது வீசுங்கள், உயிர்காப்பாளர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் இல்லையென்றால் அவசர எண்ணான 000-ஐ அழையுங்கள். பிள்ளையைக் காப்பாற்றப் பாய்ந்த தந்தை இறந்துபோக, பிள்ளை பிழைத்த செய்தியை இங்குள்ள நாளிதழ்களில் கோடைதோறும் படிக்க நேர்கிறது.

வெயிலும் கொட்டுகளும்

நம் தோல் கறுப்பு, நமக்கு எதற்கு வெயில்தடுப்புக் களிம்பு என்ற பேச்சை விட்டுவிடுங்கள். சிட்னிக் கோடையில் புற ஊதாக் கதிர் அளவு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்பது இங்குள்ள விதி. 50+ களிம்பை வெளியே செல்வதற்கு 20 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். அகலத் தொப்பியும் குளிர்கண்ணாடியும் கட்டாயம்.

கரையொதுங்கிக் கிடக்கும் நீலநிறச் சிறு பைகள் பலூன்களல்ல, அவை புளூபாட்டில்கள் என்னும் கொட்டும் கடலுயிரிகள். வடகிழக்குக் காற்று வீசிய மறுநாள் நிறையக் கிடக்கும். கொட்டினால் ஒட்டியிருக்கும் இழையை எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். வினிகர் இதற்கு ஊற்றக்கூடாது. குயின்ஸ்லாந்தின் வடபகுதியில் நிலைமை தலைகீழ்: நவம்பர் முதல் மே வரை உயிரையே பறிக்கும் பெட்டி ஜெல்லி மீன்கள் உலவும், அவற்றுக்கு வினிகர்தான் முதலுதவி, வலை கட்டிய பகுதிக்கு வெளியே இறங்கவே கூடாது.

கிளப் கட்டடத்துக்குள்

பெரும்பாலான கிளப்புகளின் கீழ்த்தளத்தில் படகுக் கொட்டகை, பலகைகள், முதலுதவி அறை. மேல்தளத்தில் கூடமும் உணவகமும். படகுக் கொட்டகையின் கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்த்து, உள்ளே வரலாமா என்று கேளுங்கள். நான்கு பேர் துடுப்புப் போட, பின்னால் ஒருவர் நின்று திசைதிருப்பும் நீண்ட சர்ஃப் படகைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தனி அனுபவம்.

மேல்தளம் சில கிளப்புகளில் எல்லோருக்கும் திறந்தது, சிலவற்றில் உறுப்பினர்களுக்கு மட்டும். மது விற்கும் இடங்களில் வாசலில் பெயர் பதியச் சொல்வார்கள் என்பதால் ஓட்டுநர் உரிமமோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். ஈர உடையோடும் வெறுங்காலோடும் நுழையக் கூடாது. மேசையில் உட்கார்ந்து பணியாளருக்காகக் காத்திருந்தால் இரவுவரை காத்திருக்க வேண்டியதுதான். கவுன்டருக்குப் போய் நாமே சொல்லி, பணம் கட்டி, எண்ணை வாங்கிவர வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்குவார்கள். சைவர் வென்றால் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிடலாம். அன்றைக்கு அதைவிட எளிதாக நண்பர்களைச் சம்பாதிக்க முடியாது.

வாசலில் வார இறுதிகளில் நடக்கும் சாசேஜ் சிசிலையும் தவறவிடாதீர்கள். ஒரு துண்டு வெள்ளை ரொட்டி, அதன் மேல் மூலைக்கு மூலையாக ஒரு சாசேஜ், வதக்கிய வெங்காயம், தக்காளி சாஸ், அவ்வளவுதான். பெரும்பாலும் மாட்டிறைச்சி, எனவே கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம் மட்டும் வைத்துத் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் தருவார்கள். அந்தக் காசு ரப்பர்ப் படகின் எரிபொருளுக்கும் மீட்புக் கருவிகளுக்கும் போகிறது. வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போவோருக்கு ஓர் எச்சரிக்கை: கடற்காகங்களுக்குத் தயிர்சாதமும் பிடிக்கும். பூங்காக்களில் உள்ள மின் அடுப்புகள் பல இலவசம். பயன்படுத்தியபின் துடைத்து வைப்பது மரபு. மது அருந்தப் பல கடற்கரைகளில் தடை உண்டு, அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். நீச்சலுடையில் இருப்பவர்களையும், குறிப்பாகப் பிறர் குழந்தைகளையும் படம் எடுக்காதீர்கள். இது இங்கே மிகவும் கடுமையாகப் பார்க்கப்படுகிறது.

பார்வையாளரிலிருந்து உறுப்பினராக

ஞாயிறு காலை ஒன்பது மணி வாக்கில் பளிச்சென்ற மேல்சட்டை அணிந்த சிறுவர் பட்டாளம் மணலில் ஓடுவதைக் காண்பீர்கள். அவர்கள்தான் நிப்பர்ஸ், 5 முதல் 13 வயது வரையிலானவர்கள். மணலில் குப்புறப் படுத்து, விசில் ஒலித்ததும் துள்ளி எழுந்து ஓடிப்போய், நட்டு வைத்த ரப்பர்க் குழாய்த் துண்டுகளைப் பிடுங்குவார்கள். துண்டுகள் ஆட்களைவிட ஒன்று குறைவு. நம் ஊர் நாற்காலிப் போட்டியின் கடற்கரை வடிவம் என்று சொல்லலாம். விளையாட்டுப் போலத் தோன்றினாலும், இழுப்பைக் கண்டுபிடிக்கவும் அலைக்கு அடியில் குனிந்து செல்லவும் அவர்கள் கற்றுக்கொள்வது இங்கேதான். பெயர்ப்பதிவு பருவத் தொடக்கத்தில், செப்டம்பர் வாக்கில் நடக்கும். சேர்க்கும் முன் குளத்தில் ஒரு சிறு நீச்சல் சோதனை உண்டு. பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விட முடியாது. பெற்றோர் கரையில் இருக்க வேண்டும், விரைவிலேயே அவர்களுக்கும் ஏதாவது ஒரு வேலை வந்து சேரும்.

பெரியவர்கள் காவல் நிற்க விரும்பினால் பிரான்ஸ் மெடாலியன் (வெண்கலப் பதக்கம்) என்னும் தகுதியைப் பெற வேண்டும். குறைந்தபட்ச வயது 15, மேல்வரம்பு கிடையாது. 1980 வரை பெண்களுக்கு மூடியிருந்த இந்தக் கதவு இன்று எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. சில வாரங்கள் நடக்கும் பயிற்சியில் மார்பழுத்தி மூச்சூட்டுவது, முதுகெலும்புக் காயம்பட்டவரைத் தூக்குவது, வானொலிக் கருவியில் பேசுவது, பலகையிலும் மிதவையிலும் ஆளை மீட்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். நீந்தவே தெரியாதவர்களுக்கும் முதலுதவி, வானொலி, சமையல், கணக்கு என்று வேலை உண்டு. கணக்கு எழுத ஆள் கிடைத்தால் எந்தக் கிளப்பும் விடாது.

நம்மில் பலர் தயங்கி நிற்பது 400 மீட்டரை 9 நிமிடங்களுக்குள் நீந்த வேண்டும் என்ற நிபந்தனையைக் கேட்டதும்தான். அது 50 மீட்டர் குளத்தில் எட்டு நீளம். ஏப்ரலில் கொடிகள் இறங்கியபின் அருகிலுள்ள நகராட்சிக் குளத்துக்குப் போய், கடிகாரத்தைப் பார்க்காமல், நிற்காமல் எட்டு நீளம் போகப் பழகுங்கள். எனக்கு அதற்கே மூன்று மாதம் ஆனது. அதன்பிறகு ஒவ்வொரு நீளத்துக்கும் 65 விநாடி என்று வைத்துக்கொண்டால், செப்டம்பரில் கிளப்பின் கதவைத் தட்டும்போது கையில் இருபது விநாடி மிச்சமிருக்கும்.